அர்த்தம் இருந்தவன்தான் தப்பிச்சான்னா, செத்தவன் கணக்கு என்னங்க?

பனியன்சிட்டி:
போன சனிக்கிழமை எங்க கம்பெனில ஒரு ட்ரெயினர கூட்டிட்டு வந்து மூணு மணி நேரம் கிளாஸ் வெச்சாங்க, கஷ்டம் வந்தா எப்படி நிக்கறதுன்னு. விக்டர் ஃபிராங்கல்னு ஒரு மனநல டாக்டர், வியன்னாக்காரர், யூதர், ஹிட்லர் ஆளுங்க கேம்ப்ல கெடந்து உசுரோட வெளிய வந்தவர். அவர் கதைய சொல்லிட்டு கடைசில "யாருக்கு வாழ ஒரு அர்த்தம் இருந்துச்சோ அவங்கதான் தப்பிச்சாங்க"ன்னு முடிச்சாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் எந்திரிச்சு வெளிய போய் டீ குடிச்சேன்.

என் தம்பி 2021 மே மாசம் போயிட்டான், கொரோனா ரெண்டாவது அலை. 38 வயசு. பொண்ணு மூணாவது படிச்சிட்டு இருந்துச்சு, வீடு லிண்டல் மட்டத்துல நின்னுச்சு. பெட் கெடைக்கற வரைக்கும் ஆம்புலன்ஸ்லயே அஞ்சு மணி நேரம் கெடந்தோம், நடுவுல மாஸ்க்க ஒதுக்கிட்டு அவன் என்கிட்ட கேட்டது "அண்ணா, சிமெண்ட் மூட்டை மேல தார்ப்பாய் போட்டியா"ன்னு. அவனுக்கு வாழ அர்த்தம் இல்லைங்களா? யாராச்சும் படிச்சவங்க சொல்லுங்க, சண்டைக்கு வரல.

வெண்ணாறு:
தம்பி, நான் தஞ்சாவூர் பக்கம் நர்ஸ், வீட்டுக்கே போய் கடைசிகால நோயாளிங்கள பாக்கறது என் வேலை. அந்த ட்ரெயினர் ஃபிராங்கல அரைகுறையா படிச்சிருக்காரு. நம்மள்ல நல்லவங்க திரும்பி வரலன்னு எழுதினதே அந்த மனுஷன்தான். அவருக்கு அமெரிக்கா விசா கைல இருந்துச்சு, வயசான அப்பா அம்மாவ விட்டுட்டு போக மனசில்லாம வியன்னாலயே இருந்துட்டாரு. 1942ல குடும்பத்தோட தெரேசியன்ஸ்டாட் கேம்ப்க்கு அனுப்பினாங்க, அப்பா அங்கயே செத்தாரு, அம்மாவ ஆஷ்விட்ஸ் கேம்ப்ல கொன்னாங்க, மனைவி, டில்லின்னு பேரு, பெர்கன்-பெல்சன் கேம்ப்ல செத்துப்போச்சு. அவங்களுக்கெல்லாம் அர்த்தம் இல்லைன்னா சொல்லுவாரு? உசுரு தப்புறதுக்கு கேரண்டி இருக்குன்னு அவர் சொல்லல. எல்லாத்தையும் புடுங்கினாலும் அத எப்படி எதிர்கொள்றதுங்கறது மட்டும் நம்ம கைல மிஞ்சும்னாரு, அவ்வளவுதான்.

மொட்டைமாடி மணி:
அக்கா அவர ரொம்ப காப்பாத்த பாக்கறீங்க. ட்ரெயினர் அத ஆகாசத்துலருந்து புடிக்கல. 1944 கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவுல கேம்ப்ல சாவு கூடிச்சு, பண்டிகைக்கு வீட்டுக்கு போயிடலாம்னு நம்பினவங்க நம்பிக்கை ஒடிஞ்சு செத்தாங்கன்னு ஃபிராங்கலே எழுதிருக்காரு, கேம்ப் டாக்டர் சொன்னதா. டைஃபஸ் காய்ச்சல், குளிரு, ஒரு துண்டு ரொட்டி, இதெல்லாம் வெச்சுக்கிட்டு நம்பிக்கை மேல பழியா? அதோட தெரேசியன்ஸ்டாட்டுக்கு அப்புறம் அவர் ஆஷ்விட்ஸ்ல இருந்தது சில நாள்தான், மிச்சமெல்லாம் டாஹௌ கேம்ப்போட கிளைங்க.

இதுக்கு நேரெதிரா ப்ரீமோ லெவிய எடுத்துக்கங்க. இத்தாலிக்காரர், கெமிஸ்ட், 1944 பிப்ரவரில ஆஷ்விட்ஸ்க்கு போனவரு. கெமிஸ்ட்ங்கறதால லேப்ல வேலை கெடைச்சுது, வெளில பனில நிக்க வேண்டியதில்ல. 1945 ஜனவரில ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து நோயாளி கொட்டகைல படுத்துட்டாரு. ரஷ்யாக்காரன் நெருங்கிட்டான்னு தெரிஞ்சதும் நடக்க முடிஞ்சவங்களையெல்லாம் நாஜிங்க பனில ஓட்டிட்டு போனாங்க, லெவியோட உயிர் நண்பன் ஆல்பர்ட்டோ நல்லா இருந்தான், அதனால அவனும் போனான், திரும்பல. காய்ச்சக்காரன் அங்கயே கெடந்தான், ஜனவரி 27ல ரஷ்யாக்காரனோட செம்படை வந்துச்சு, பொழைச்சான். இதுல எங்கருந்து அர்த்தம் வந்துச்சு? லக்கு. லெவி அத மறைக்காம எழுதினாரு, அதான் எனக்கு அவர புடிக்கும்.

நம்ம ஊரு பாட்டுலயே இது இருக்கு. புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார், முதல் வரிய மட்டும் டீசர்ட்ல அடிச்சு போட்டுட்டு திரியறோம், கீழ படிச்சா என்ன இருக்கு, காட்டாத்து வெள்ளத்துல போற தெப்பம் மாதிரி உசுரு போற வழில போகும், அதனால பெரிய ஆளுங்கள பாத்து வாய பொளக்க மாட்டோம், சின்ன ஆளுங்கள எளக்காரமா பாக்கறது அதவிட செய்ய மாட்டோம்னு முடியுது. தப்பிச்சவன பாத்து கை தட்டவும் வேணாம், செத்தவன பாத்து உச்சு கொட்டவும் வேணாம்.

சித்தம் சிவமயம்:
எல்லாம் பூர்வ ஜென்ம கர்மா. அனுபவிச்சு தீர்க்கணும்.

மொட்டைமாடி மணி:
தம்பிய பறிகொடுத்தவர் கிட்ட வந்து பேசற பேச்சாய்யா இது?

நாகை கடலோடி:
நான் அக்கரைப்பேட்டை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கெழம காலைல எனக்கு 14 வயசு. நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போய்ச்சேந்தாங்க. எங்க சித்திக்கு ரெண்டும் ஆம்பள புள்ள, ரெண்டையும் கடல் எடுத்துட்டுச்சு. சித்தி ஏற்கனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிக்கிட்டது. அப்ப எங்க கடற்கரை பூரா அப்படி நெறைய அம்மாங்க, அரசாங்கமே செலவ ஏத்துக்குறோம் திரும்ப டியூப சேத்து வெக்கிற ஆபரேசன் பண்ணிக்கங்கன்னு சொன்னுச்சு. சிலருக்கு புள்ள தங்குச்சு, சிலருக்கு இல்ல. சித்திக்கு 2007ல ஒரு பையன். ஊரே "பெரியவனே திரும்பி வந்துட்டான்"னு சொன்னுச்சு, பேரையும் அதே பேரா வெக்க சொன்னாங்க. சித்தி வெக்கல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் மீன் அலசிக்கிட்டே சொன்னிச்சு, "இவன் கத்திரிக்காய தொடமாட்டான்டா, அவன் கத்திரிக்காய்க்கு உசுர குடுப்பான். இவன் எப்புடி அவனாவான்?"

அதுலேந்து அர்த்தம் கிர்த்தம்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு கோவம் வரும். ஒரு புள்ள தலைல ரெண்டு சாவோட அர்த்தத்த தூக்கி வெச்சா அது எப்புடி நடக்கும்?

வெண்ணாறு:
ஆனா அந்த புள்ளைக்காக சித்தி எழுந்தாங்கல்ல?

நாகை கடலோடி:
இல்லக்கா, அதுக்கு முன்னாடியே எழுந்துட்டுச்சு. ஷெட்டுல தங்க வெச்சிருந்தாங்கல்ல, தார்ஷீட்டு கூரை, பகல்ல உள்ள உக்கார முடியாது, வேர்த்து ஊத்தும். சித்தி நாளெல்லாம் செவுத்த பாத்துக்கிட்டு கெடக்கும். பக்கத்து ஷெட்டு ஆத்தா ஒண்ணு, அதுக்கும் வீட்ல மூணு பேரு போயாச்சு, ஒரு நாள் வந்து "ஏ புள்ள இந்த வெங்காயத்த உரிச்சுக் குடு, என் கண்ணு தெரியல"ன்னு ஒரு மொறம் வெங்காயத்த வெச்சிட்டு போயிட்டுச்சு. சித்தி உரிச்சுச்சு. மறுநாளும் வெச்சிச்சு. அவ்வளவுதான் நடந்தது.

வெண்ணாறு:
நான் சொல்றதும் அதத்தான் தம்பி. ஃபிராங்கல் சொன்ன அர்த்தம் மலை உச்சில இல்ல. செய்யற வேலை, வெக்கிற பாசம், தப்பிக்கவே முடியாத வலிய சுமக்கற விதம், இந்த மூணுலதான் இருக்குன்னாரு. வெங்காயம் அதுல வரும்.

மொட்டைமாடி மணி:
வெங்காயமும் அர்த்தம், புள்ளையும் அர்த்தம், சும்மா வலிய தாங்கறதும் அர்த்தம்னா அப்ப எதுதான்கா அர்த்தம் இல்ல? எல்லா பூட்டுக்கும் பொருந்தற சாவி திருடன் கிட்டதான் இருக்கும். அந்த கம்பெனி எதுக்கு இத கிளாஸா வெச்சுதுன்னு கேளுங்க மொதல்ல.

பனியன்சிட்டி:
கரெக்டா கேட்டீங்க. அதே வாரம்தான் ஓவர்டைம் ரேட்ட கொறைச்சாங்க.

வெண்ணாறு:
கம்பெனி தப்பா பயன்படுத்துனா சொன்னவர் மேல என்ன தப்பு. ஒண்ணு கேக்கறேன் மணி. உங்க லெவி 1987ல டூரின்ல அவர் அபார்ட்மெண்ட் மாடிப்படி வழியா கீழ விழுந்து செத்தாரு. ஃபிராங்கல் 92 வயசு வரைக்கும் இருந்து 1997ல போனாரு. லக்கு லக்குன்னு நெனைச்சவர் நெலமையும் அர்த்தம்னு நெனைச்சவர் நெலமையும் பாத்துக்கங்க.

மொட்டைமாடி மணி:
அக்கா நீங்க இத எழுதுவீங்கன்னு நான் நெனைக்கல. அவரா விழுந்தாரா தவறி விழுந்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் அடிச்சிக்கறாங்க. சரி அவரா விழுந்தாருன்னே வெச்சுக்குவோம், 40 வருஷத்துக்கு மேல அந்த நெனப்பு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, பெயிண்ட் ஃபேக்டரில வேலையும் பாத்துக்கிட்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய் புள்ளைங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன மனுஷன். கடைசி நிமிஷத்த வெச்சு மொத்த வாழ்க்கைக்கும் மார்க் போடறீங்க. ட்ரெயினர் செஞ்சதும் இதேதான்.

வெண்ணாறு:
(கொஞ்ச நேரம் கழிச்சு) நான் எழுதினது தப்புதான். டூட்டி முடிச்சு வந்து படிச்சு பாத்தேன், எனக்கே கூசுது. நான் பாக்கற ஜனங்கள்ல எத்தனையோ பேரு கடைசி வாரத்துல என்னை அடிக்கறாங்க, பெத்த புள்ளைய கெட்ட வார்த்தைல திட்டறாங்க, அது வலி பேசறது, அத வெச்சு அவங்கள நான் எடை போட்டதே இல்ல. இங்க போட்டுட்டேன். ஃபிராங்கல மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன், அது வேற.

நாகை கடலோடி:
பனியன் அண்ணே, நீங்க எங்க காணோம்? தார்ப்பாய் போட்டீங்களா இல்லையா, அத சொல்லவே இல்லியே.

பனியன்சிட்டி:
போடலைங்க. அன்னைக்கு அவன்கிட்ட போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். சைட்டுக்கு யாரு போறது, எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னோம். நடுவுல ஒரு மழை பேஞ்சுது. பதினாறாம் நாள் போய் பாத்தா 22 மூட்டையும் கல்லாட்டம் இறுகி கெடக்குது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினது அப்படியே படிக்கட்டு மாதிரி நிக்குது, இன்னும் அத எடுக்கல, பாப்பா அது மேல உக்காந்துதான் ஹோம்வொர்க் எழுதுவா. வீடு மேல கான்கிரீட் போட்டுட்டேன், பூச்சு பாக்கி.

இன்னொண்ணும் சொல்றேன், சிரிக்காதீங்க. அவன் நம்பருக்கு இன்னும் 84 நாளுக்கு ஒருக்கா ரீசார்ஜ் போட்டுட்டு இருக்கேன். ரீசார்ஜ் போடறப்ப மட்டும் போன ஆன் பண்ணி வாட்ஸப் ஓடுதான்னு பாப்பேன், மத்தபடி என் ட்ராயர்லதான் ஆஃப் ஆகி கெடக்குது. எதுக்குன்னு வீட்டுக்காரி கேக்கறா, சொல்லத் தெரியல.

மொட்டைமாடி மணி:
யாரு சிரிக்கப் போறாங்க. போடுங்க. காரணம் கேட்டா பதில் சொல்லணும்னு சட்டமா இருக்கு?

வெண்ணாறு:
எங்க அம்மா பொடவை ஒண்ணு தொவைக்காம வெச்சிருக்கேன் தம்பி, பதினோரு வருஷமா. மணி, இதுக்கு என்ன பேரு வெப்பீங்க?

மொட்டைமாடி மணி:
பொடவைன்னு வெப்பேன்கா.

பனியன்சிட்டி:
நேத்து ஒண்ணு நடந்துச்சு. பாப்பா இப்ப எட்டாவது. மார்க் ஷீட்ட போட்டோ எடுத்து அந்த நம்பருக்கு வாட்ஸப்ல அனுப்பிருக்கா, அவ அம்மா போன்லருந்து. அவ அம்மாதான் பாத்துட்டு எனக்கு கூப்பிட்டு அழுதுச்சு. ஒத்த டிக்குலயே நிக்குதுன்னுச்சு. நான் ட்ராயர்ல இருந்து போன எடுத்து சார்ஜ் போட்டேன், ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆச்சு. ஆனதும் டிங்குனு சத்தம். மேத்ஸ்ல 71.

நாகை கடலோடி:
அண்ணே, தெறந்து பாத்து ப்ளூ டிக்க கிக்க வுட்டுறாதீங்க, புள்ள பயந்துரும்.

பனியன்சிட்டி:
இல்லைங்க, நோட்டிபிகேஷன்ல பாத்ததோட சரி. உள்ள போகல.