1990 மியாட்டா காரைக் கொடுத்துட்டு புதுசு வாங்கலாமா?

கேள்வி: என்கிட்ட இருக்கறது 1990 மாஸ்டா மியாட்டா. 1.6 லிட்டர், 116 குதிரைசக்தி, கண்ணு முழிக்கிற மாதிரி எழும்புற ஹெட்லைட். டொராண்டோ குளிருக்கு நவம்பர்ல போர்வை போத்திப் படுத்தா ஏப்ரல்லதான் எழுப்புவேன். 2019 மாடல்ல 181 குதிரைசக்தி. மாத்தலாமா? வீட்டம்மா, "ரெண்டு சீட்டுக்கா இவ்வளவு யோசனை?"ங்கறாங்க.

பதில் 1: ரெண்டையும் ஓட்டியிருக்கேன். புதுசுல இன்ஜின் நிமிஷத்துக்கு 7,500 சுத்து (ஆர்பிஎம்) வரை சிரிச்சுக்கிட்டே ஏறும். ஆனா ஸ்டியரிங் எலெக்ட்ரிக். பழசுல ரோட்டுல கிடக்கிற கல்லுகூட உள்ளங்கைக்குத் தெரியும்.

பதில் 2: அதெல்லாம் அப்புறம். துருப் பார்த்தீங்களா அண்ணே? இங்க ரோட்டுக்குக் கொட்டுற உப்பு சும்மா விடாது. பின்சக்கரத்துக்கு முன்னாடி, கதவுக்குக் கீழே விரலால தட்டுங்க. கணீர்னா வெச்சுக்கங்க, பொத்துனா வித்துடுங்க.

கேட்டவர்: தட்டிட்டேன் தம்பி. இடப்பக்கம் கணீர். வலப்பக்கம்... நாளைக்கு வெளிச்சத்துல இன்னொருவாட்டி பாக்கறேன்.