கல்கிசையில் இருந்து கயாக்கில் மீன் பிடிக்க இறங்குகிறேன், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

தெஹிவளைத் தூண்டில்:
எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடமாகக் கரையில் நின்றுதான் தூண்டில் போடுகிறேன், கொழும்பு வெள்ளவத்தை ரயில் பாதையோரக் கற்களில் இருந்து கல்கிசை வரை நான் நின்று மீன் பிடிக்காத இடம் குறைவு. போன மாதம் ஒரு நண்பர் வெளிநாடு போகும்போது தன் கயாக்கை எனக்கு விற்றுவிட்டுப் போனார். 12 அடி நீளம், மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற வகை, ஏறுகிற தண்ணீர் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தானாக வடிந்துவிடும். கரையில் இருந்து இரண்டு கிலோமீற்றர் அளவில் விடியற்காலையில் சின்ன எஞ்சின் படகுகள் கூடி நிற்கின்றன, அங்கே தண்ணீருக்கடியில் பார் (பாறைத் திட்டு) இருக்கிறது, விளைமீனும் பாரை மீனும் கிடைக்கும் என்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் போகலாம் என்று இருக்கிறேன். ஜனவரியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது, தினமும் காலையில் பல்கனியில் இருந்து பார்க்கிறேன், அதனால் மதியம் வரை நிற்கலாம் என்பது என் எண்ணம். சரியா? இன்னொன்று, லைஃப் ஜாக்கெட் போட்டால் துடுப்புப் போடும்போது கையை உரசுகிறது, பின்னால் கட்டி வைத்தால் போதாதா?

முகத்துவாரத்தான்:
தம்பி, ஜாக்கெட்டை உடம்பில் போடுங்கள். கவிழ்ந்தால் நீங்கள் ஒரு பக்கம், கயாக் ஒரு பக்கம், காற்றில் வெறும் கயாக் நீந்துகிற மனிதனை விட வேகமாக ஓடும், பின்னால் கட்டினது அதோடு போய்விடும். கை உரசினால் தோள் பக்கம் அகலமாக வெட்டின ஜாக்கெட் தேடி வாங்குங்கள்.

அந்தக் குளம்தான் ஆளை ஏமாற்றும். இரவில் தரை கடலை விடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடிகாலையில் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசும், இந்த மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றும் அதே பக்கம் தள்ளும். கரையோரத்தைக் கட்டடங்களும் தென்னைகளும் மறைப்பதால் பல்கனியில் இருந்து பார்த்தால் ஒரு சுருக்கம் கூடத் தெரியாது. ஒன்றரைக் கிலோமீற்றர் தாண்டினால் அதே காற்று அலை எழுப்பி நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் நானும் கல்கிசையில்தான் இறங்கினேன், 25 நிமிடத்தில் பாருக்குப் போய்விட்டேன், என் கைதான் வேகம் என்று நினைத்தேன். திரும்பி வர இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஹோட்டலின் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடியே துடுப்புப் போட்டேன், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அது அதே அளவில்தான் இருந்தது, ஒரு நிமிடம் கை நின்றால் பின்னுக்குப் போகிறேன். கரைக்கு வந்தபோது உள்ளங்கைத் தோல் துடுப்போடு ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். 500 மீற்றர் போனதும் நிறுத்தி, திரும்பி, கரையை நோக்கி ஐந்து நிமிடம் துடுப்புப் போட்டுப் பார்ப்பேன். கஷ்டமாக இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், கரையோரமாகவே மீன் பிடிப்பேன். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிராந்தியத்துக்குத் தனியாக எதிர்வுகூறல் தருகிறது, முதல்நாள் இரவும் அன்று காலையும் அதைப் பாருங்கள். வெயில் ஏறத் தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று தொடங்கும், அது கரைக்குத் தள்ளும்தான், ஆனால் அலை உடையும் இடத்தைக் குழப்பிவிடும். விடிந்ததும் இறங்குங்கள், பத்து மணிக்குக் கால் மணலில் இருக்க வேண்டும். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், அந்த மாதங்களில் இந்தப் பக்கம் கயாக்கை எடுக்கவே வேண்டாம்.

மொரட்டுவைக் கரை:
அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. என் அப்பா தெப்பத்தில் போனவர், காலை நனைத்துக்கொண்டு தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து போகிற அதே வேலைதான் நீங்கள் செய்யப்போவது. இறங்கும் முன் கரையில் கால் மணித்தியாலம் நின்று அலையைப் பாருங்கள் என்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஒரு ஓய்வு இருக்கும், அந்த ஓய்வில் கயாக்கின் மூக்கை நேரே அலைக்கு வைத்து நிறுத்தாமல் துடுப்புப் போட வேண்டும். பக்கவாட்டில் அலை வாங்கினால் கவிழ்ந்துவிடும். வரும்போதும் அப்படித்தான், கடைசிப் பெரிய அலையின் முதுகுக்குப் பின்னால் வாருங்கள், அதன் முன்னால் சறுக்கி வர ஆசைப்பட வேண்டாம். தூண்டில்களை அதற்கு முன்பே மடக்கிக் கட்டிவிடுங்கள், கொழுக்கி தொங்கிக்கொண்டு அலைக்குள் விழுவது போல ஆபத்து வேறில்லை.

நங்கூரக் கயிற்றை நடுவில் கட்டவே கூடாது, நீரோட்டம் இழுத்தால் கயாக் குறுக்காகத் திரும்பி ஒரு பக்கம் அமிழும். முனையில்தான் கட்ட வேண்டும், உடனே அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்புறம், போகிற இடத்தில் கரையில் நின்று இழுக்கிற கரைவலை வளைத்திருந்தால் மீனவர் வாடியில் (குடிலில்) கேட்டுவிட்டு இறங்குங்கள், அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு அந்தக் கயிற்றில் இருக்கிறது. கொழும்புத் துறைமுகப் பக்கம் கிட்டவும் போக வேண்டாம். பாருக்குப் போகும் முன் ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து, காலை உதைத்து வயிறு படிய ஏறிப் பழகுங்கள், ஒரு பத்துத் தடவையாவது.

மீன்கறி அக்கா:
எங்கள் வீட்டில் தம்பி கயாக்கில் போகிறவன். போகும் இடமும் திரும்பும் நேரமும் எழுதிக் குளிரூட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். போன் தண்ணீர் புகாத பையில் போட்டு ஜாக்கெட்டில் கட்டியிருக்கும், விசிலும் அப்படித்தான். ஒருநாள் மடியில் கெளுத்தி துள்ளி முள் விரலில் ஏறிவிட்டது, மணிக்கட்டு வரை வீங்கிப்போய் வந்தான். தோல் வேகாத, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை ஒரு மணித்தியாலம் போல வைத்தோம், வலி இறங்கியது, பிறகு வைத்தியரிடம் காட்டினோம். இப்போது இடுக்கி இல்லாமல் அவன் மீனைத் தொடுவதில்லை. அறுக்குளா மீன் வருகிற இடமென்றால் தூண்டில் நூலின் நுனியில் கம்பி போடுங்கள், வெறும் நூலைப் பல்லால் அறுத்துவிடும். உடம்பை ஊதிக்கொள்கிற பேத்தை மீன் வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள், சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

தெஹிவளைத் தூண்டில்:
ஞாயிறு போய் வந்தேன். சனிக்கிழமை முழுக்கக் கவிழ்த்துக் கவிழ்த்து ஏறிப் பழகினேன். ஆறரைக்கு இறங்கி, 500 மீற்றரில் திரும்பிப் பார்த்தபோது பெரிதாகக் கஷ்டம் தெரியவில்லை, ஆனாலும் பார் வரை போகாமல் ஒரு கிலோமீற்றரில் நின்றுகொண்டேன். ஒரு பாரை பிடித்தது, இரண்டு கிலோ இருக்கும், அது ஓடின பக்கமெல்லாம் கயாக்கின் மூக்கு திரும்பியது, நூல் விரலில் சூடாக ஓடியது, கரையில் நின்று இந்த உணர்வு எனக்குக் கிடைத்ததே இல்லை. எட்டரை மணிக்கு முதுகில் குளிராகக் காற்று பட்டு, தண்ணீரில் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. கரைக்கு முகத்தைத் திருப்பிவிட்டேன். போக 15 நிமிடம், வர 40. முகத்துவாரத்து அண்ணா, பாரையில் பாதி உங்களுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன், எங்கே கொண்டு வர?