மறுமொழி: பள்ளிக்கூடக் கூரை – சென்னை வழியோ, கொழும்பு வழியோ?

சபையோருக்கு வணக்கம்.

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடக் கூரை பார்க்க லண்டனிலிருந்து போற மூண்டு பேருக்கும் சென்னை–பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) வழியா ரிக்கற் போடத் தலைக்கு இன்னும் 40 பவுண் தரச்சொல்லிச் செயலாளர் தம்பி கேட்டிருக்கிறார். காசு சேர்க்க முதல் கணக்கைப் பார்ப்பம்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கா (கொழும்பு விமான நிலையம்) ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர், சென்னை 8,200. கொழும்புக்குப் பறக்க 16 மணித்தியாலம் எண்டு தம்பி எழுதினது பிழை. இரவு 9.00க்குக் கிளம்பி மற்றநாள் பின்னேரம் 1.15க்கு இறங்கினால் கழிச்சு வாறது 16.15. அதில நேர வித்தியாசம் 5.30ஐயும் கழிக்க வேணும், கோடை எண்டால் 4.30. பனிக்காலத்தில பறக்கிறது 10.45தான். திரும்பி வரேக்க எதிர்க்காற்று, அரை மணித்தியாலத்துக்கு மேல கூடும்.

சென்னையிலிருந்து பலாலி நேர்கோட்டில 356 கிலோமீற்றர், கட்டுநாயக்கா ஏறக்குறைய 650. ஆனா ரெண்டுக்கும் அட்டவணையில ஒண்டேகால், ஒண்டரை மணித்தியாலம்தான். பலாலிக்குப் போறது ஏ.ரி.ஆர் 72, புரொப்பெல்லர் விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில போகும். தூரம் பாதி எண்டு வரைபடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

நேரம் போறது தரையில. ரெண்டு தனி ரிக்கற் எண்டால் பெட்டியைச் சென்னையில எடுத்துத் திரும்பக் குடுக்க வேணும். அதுக்குக் குடிவரவைத் தாண்ட வேணும், தாண்ட இந்திய விசா வேணும். திரும்பி வரேக்கயும் அதே வழி, ஆனபடியால் ஒருமுறை நுழைவு விசா காணாது. பெட்டி எடையும் சின்ன விமானத்தின்ர அளவுக்குத்தான், மிச்சத்துக்குக் காசு. முதல் விமானம் பிந்தினால் அடுத்தது பிடிச்சுத் தர ஒருத்தரும் பொறுப்பில்லை, ஒரு நாள் போகும். இடையில 5 மணித்தியாலமாவது விடவேணும்.

அப்ப அந்த 5, பறக்க ஒண்டரை, பலாலியில வெளிய வந்து ஊர் போக ஒண்டு: சென்னையில இறங்கினதிலிருந்து ஊர் வாசலுக்கு ஏழரை மணித்தியாலம். கட்டுநாயக்காவில வெளிய வர ஒண்டரை, புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியா வான் வண்டியில ஏழு: எட்டரை. லண்டன்–சென்னை அரை மணித்தியாலம் குறையும், எல்லாமாக ஒண்டரை மிச்சம். அதுக்கு 40 பவுணும் விசாக்காசுமோ? வான் வண்டியில ஏணி, ஈரம் பார்க்கிற கருவி எல்லாம் ஏத்தலாம்.

பொருளாளர்

---

அண்ணை,

கணக்குச் சரி. ஆனா 1947 டிசம்பரில எயர் சிலோன்ர முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியா மதராசுக்குப் போனது. எங்கட வாசலில இருந்த அந்தக் காங்கேசன்துறை விமான நிலையம்தான் இப்பத்தைப் பலாலி. 2019 ஒக்ரோபரில சர்வதேச விமான நிலையமாத் திறந்து, கொரோனாவில நிண்டு, 2022 டிசம்பரில திரும்ப ஓடத் தொடங்கினது. நாங்கள் ஏறாட்டில் ஆர் ஏறுறது? ஆளில்லாட்டில் திரும்ப நிப்பாட்டுவாங்கள். யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து 16 கிலோமீற்றர், வயசானவைக்கு ஏழு மணித்தியால வான் ஓட்டம் இல்லை. அந்த ஏழு மணித்தியாலம் உங்கட கணக்கில ஒரு வரி, போற மூண்டு பேரில ஒருத்தரான சின்ன மாமியின்ர முதுகுக்கு ஒரு கிழமை.

கோயில் மடத்துக் கணக்கையும் இப்பிடி மணித்தியாலம் பிரிச்சு எழுதியிருந்தால் போன வருசம் மூண்டு குடும்பம் சங்கத்தை விட்டுப் போயிருக்காது.

மாமி பலாலியால போகட்டும், கைப்பெட்டியோட மட்டும். அவவின்ர 40 பவுணும் விசாக்காசும் என்ர. மற்ற ரெண்டு பேரும் ஏணியோட வான் வண்டியில வரட்டும்.

செயலாளர்