ஆக்சிஜன் சென்சார்: ‘மிச்சவளி உணரி’ சரிவருமா?

வணக்கம். கார் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு ‘மிச்சவளி உணரி’ என்று நான் சொன்ன சொல்லுக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> ‘உயிர்வளி உணரி’ இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

அது போதவில்லை ஐயா. உயிர்வளி உணரி என்றதும் நோயாளியின் விரலில் மாட்டும் கருவிதான் நினைவுக்கு வருகிறது. கார் என்று சேர்த்துச் சொன்னாலும், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரோடு குழப்பிக்கொள்கிறார்கள். இது உட்கார்ந்திருப்பதோ புகைக்குழாயில். எரிந்து முடிந்த பிறகு எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியது என்று பார்ப்பதுதான் இதன் வேலை. அதனால்தான் ‘மிச்சவளி’. ‘எச்சவளி’ என்றும் எழுதிப் பார்த்தேன்; காக்கை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருப்பதற்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. என் காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. காரின் கணினி காட்டிய பழுதுக் குறியீடு பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. சென்சார் போய்விட்டது என்று நானே முடிவுகட்டிப் புதியதை மாட்டினேன். மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே எண். கடைசியில் பார்த்தால், சென்சாருக்கு முன்னால், புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு. புகை விட்டுவிட்டுத்தான் வரும். இரண்டு துடிப்புக்கு நடுவே அந்தக் கிழிசல் வெளிக்காற்றை உறிஞ்சியிருக்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. பெயரிலேயே மிச்சம் என்று இருந்திருந்தால், ‘இது எங்கிருந்து வந்த மிச்சம்?’ என்று கேட்டிருப்பேன், பழைய சென்சாரும் தப்பியிருக்கும்.

> நிஜமாகவே கெட்டுப்போனதை எப்படிச் சொல்வது?

சூடேறிய நல்ல சிர்கோனியா உணரி (சிர்கோனியா என்ற பீங்கானால் ஆன, பரவலான வகை) 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8ஐத் தொட வேண்டும். வேக்கம் குழாய் ஒன்றைக் கழற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை விட்டால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் மசியாமல் 0.45லேயே நின்றால், வயரையும் கனெக்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றலாம். அசைகிறது, ஆனால் ஆற அமர அசைகிறது என்றால் ‘மந்த உணரி’ என்பேன். உள்ளிருக்கும் ஹீட்டர் மட்டும் போனால் பி0135 போன்ற தனிக் குறியீடு வரும்.

கழற்றுவதற்குப் பெரும்பாலும் 22 மி.மீ. சாக்கெட், வயர் நுழைய ஒரு பக்கம் பிளந்தது. இதற்கும் தமிழ் தேட வேண்டுமா? பட்டறையில் யாரும் சொல்லப்போவதில்லை, சாக்கெட்டாகவே இருக்கட்டும். மரையில் தடவும் பசை மட்டும் உணரியின் மூக்கில் படக்கூடாது.

> உலகமே ‘லாம்டா’ என்கிறதே?

1976இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதை வோல்வோ கார்களில் கொண்டுவந்த காலத்திலிருந்தே அந்தக் கிரேக்க எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதுதான் லாம்டா. பெட்ரோலுக்கு எடையில் 14.7 மடங்கு காற்று இருந்தால் லாம்டா 1. ஆனால் இந்தச் சாதாரண வகை அந்த விகிதத்தை அளப்பதில்லை. 1க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும்.

அப்புறம், வினையூக்கி மாற்றிக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்) முன்னும் பின்னும் ஒவ்வொன்று இருக்குமே, அவற்றுக்கு ‘முன்னுணரி, பின்னுணரி’ என்று வந்த யோசனை. முன்னுணரி என்றால் வரப்போவதை முன்பே உணர்வது போல ஒலிக்கிறது. வாய்க்காலுக்கு நம்மிடம் தலைமடை, கடைமடை இருக்கின்றனவே. தலைமடை உணரி ஊசலாடும். மாற்றி நன்றாக இருந்தால் கடைமடை உணரி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். விகிதத்தையே அளக்கும் அகல்பட்டை (வைட்பேண்ட்) வகைக்குத்தான் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. அதை மிச்சவளி என்று சொன்னால் பாதிதான் சரி. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.