ஊக்கமருந்துச் செய்தி வெடித்த நாட்களில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயச் சாலையோரத்தில் நீங்கள் கண்டவை

பிரனீஸ்_அடிவாரம்:
2007 ஜூலை 25 அன்று ஓபிஸ்க் மலையேற்றத்தில் நின்றவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். எனக்கு அந்த மாலை இன்னும் செரிக்கவில்லை. முந்தைய நாள்தான் வினோகுரோவ் என்ற வீரர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிய செய்தி வெளியாகியிருந்தது. ராபோபாங்க் அணி வீரர் ராஸ்முசன், முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியுடன் ஓர்தெஸிலிருந்து புறப்பட்டபோதே கூட்டம் ஊளையிட்டதையும் நீங்கள் அறிவீர்கள். என் பக்கத்தில் ஒரு முதியவர் தம் பேரனோடு நின்று, வீரர்களின் பெயர்களை வெள்ளைச் சாயத்தால் சாலையில் எழுதிக்கொண்டிருந்தார். வளைவில் ராஸ்முசன் தெரிந்ததும் அவர் கத்தவில்லை. பையனின் தோளைப் பற்றித் திருப்பினார், இருவரும் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ராஸ்முசன் கடந்து போன பிறகு திரும்பி, அடுத்து வந்த லைப்ஹைமருக்கு உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்கள். அன்றிரவே ராபோபாங்க் அணி, பரிசோதகர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய பயிற்சிக்கால இருப்பிடத்தைப் பற்றிப் பொய் சொன்னதற்காக ராஸ்முசனை வெளியேற்றியது. மறுநாள் பந்தயம் மஞ்சள் ஜெர்சி அணிந்தவர் எவருமின்றிப் புறப்பட்டது. ஆனால் கைதட்டல் பெற்ற லைப்ஹைமரும் 2012இல் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு, அதே 2007 டூரில் பெற்ற மூன்றாம் இடத்தை இழந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் முதியவர் என்ன நினைத்திருப்பார் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

மூலைக்கடை:
முதுகு காட்டியவர்களைப் பற்றி எழுதினீர்கள்; நான் கட்டித் தழுவியவர்களைப் பார்த்தேன். 2004 ஜூலை 14, பிரெஞ்சுத் தேசிய நாள், லிமோஜிலிருந்து சான் ஃப்ளூர் வரை 237 கிலோமீட்டர். நான் அப்போது வேலை செய்த காபிக் கடையில் நிற்க இடமில்லை. பிரெஞ்சு வீரர் விராங்க் தனியாக எல்லைக்கோட்டைத் தாண்டியபோது முதலாளியம்மா அழுதுவிட்டார், எல்லோருக்கும் தம் செலவில் ஒரு சுற்று ஊற்றச் சொன்னார். 1998இல் அவருடைய ஃபெஸ்தினா அணியின் காரில் எரித்ரோபொயட்டின் என்ற ஊக்கமருந்து பிடிபட்டதும், இரண்டு ஆண்டுகள் மறுத்துவிட்டு 2000 அக்டோபரில் லீல் நீதிமன்றத்தில் மருந்து எடுத்ததை விராங்க் ஒப்புக்கொண்டதும் அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாதவை அல்ல. மேசையோரத்தில் தனியாக இருந்த ஒருவர், "பாசோனுக்கு யாராவது ஒரு கோப்பை ஊற்றினீர்களா?" என்று கேட்டார். அதே ஃபெஸ்தினா அணியில் மருந்தைத் தொடாதவர் என்று சக வீரர்களே சாட்சி சொன்ன கிறிஸ்தோஃப் பாசோன், 1999இல் ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காக அமெரிக்க வீரர் ஆம்ஸ்ட்ராங் நேரில் கடிந்து பேசிய பிறகு பந்தயத்தை விட்டே போனவர். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முதலாளியம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் கண்ணீர் விட்டவனை மன்னிப்பார்கள், ஜெர்மானியர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்பதே என் முடிவு.

ரூர்_பட்டறை:
மூலைக்கடை நண்பரே, அந்தக் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. ஜெர்மன் வீரர் எரிக் ட்சாபெல் 2007 மே மாதம் செய்தியாளர்கள் முன்னிலையில் அழுதுகொண்டே ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். இங்கே ஜெர்மனியில் பலர் இரங்கத்தான் செய்தார்கள். எங்கள் பட்டறை மேற்பார்வையாளர் 1997இல் எங்கள் நாட்டு உல்ரிஹ் டூரை வென்ற நாளிலிருந்து அவருடைய படத்தைக் கருவி அலமாரியில் ஒட்டி வைத்திருந்தவர். 2006இல் டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள் உல்ரிஹ் ஊக்கமருந்துச் சந்தேகத்தில் விலக்கப்பட்டதும் படத்தைக் கிழித்தார். மறு ஆண்டு ஜூலை 18 அன்று, சிங்கெவிட்ஸ் என்ற எங்கள் வீரர் பரிசோதனையில் சிக்கிய செய்தி வந்தவுடன் ஏஆர்டி, இசட்டிடிஎஃப் தொலைக்காட்சிகள் டூரின் நேரடி ஒளிபரப்பை நிறுத்தியபோது, "இவர்களுக்கு இது வேண்டும்" என்று மதிய உணவு மேசையில் முழங்கினார். மறுநாள் அதே மனிதர் என்னைத் தனியே அழைத்து, இனி எந்த அலைவரிசையில் பார்க்கலாம் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். உங்கள் முதலாளியம்மாவுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? அவர் ஒலியைக் கூட்டினார், இவர் குரலைத் தாழ்த்தினார், அவ்வளவுதான். நாட்டுக்கொரு குணம் ஒட்டிப் பேசுவது எளிது. விராங்கைத் தழுவிய அதே 2004இல் ஆல்ப் துவெஸ் மலையேற்றத்தில் சாலையோரக் கூட்டம் ஆம்ஸ்ட்ராங்கின் மீது துப்பியதே, அது எந்தக் கணக்கில் சேரும்?

மருந்தகம்_லியோன்:
என் அனுபவம் சிறியது. 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுத்ததைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட வாரம், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒரு பெண்மணி எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். மணிக்கட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளையின் மஞ்சள் ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். அந்தப் பெண்மணி சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார், கழற்றவில்லை.

இதைப் படிக்கும் இளைஞர்களில் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டுபவர்கள் இருப்பீர்கள் என்பதால் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்பதற்கு முன்பே பொறுப்பு உங்களுடையதாகிவிடுகிறது. சளிக்கு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. பந்தய நாளில் சிறுநீரில் அது வரம்பைத் தாண்டினால் குற்றம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமாலுக்கும் வரம்பு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பது மட்டும் போதாது. தடைப்பட்டியலில் உள்ள மருந்தானால் சிகிச்சைக்கான விலக்கை முறைப்படி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதிதாக நடைமுறைக்கு வருவதால், சென்ற ஆண்டு விசாரித்துவிட்டேன் என்று இருந்துவிடாதீர்கள். இணையத்தில் விற்கும் சத்துமாவுகளில் சீட்டில் எழுதாத பொருட்கள் கலந்திருந்து தடைபெற்றவர்கள் பலர். வாங்கும்முன் உங்கள் ஊர் மருந்தாளரிடம் கேளுங்கள். நாங்கள் அதற்குப் பணம் வாங்குவதில்லை.

பிரனீஸ்_அடிவாரம்:
ஐயா, நன்றி; ஆனால் நான் கேட்டது இதுவன்று.

மலைச்சாலை:
சால்புட்டமால் என்றதும் எழுதத் தோன்றியது. ஸ்கை அணி வீரர் ஃப்ரூமின் சால்புட்டமால் வழக்கை உலகச் சைக்கிள் சங்கம் 2018 ஜூலை 2 அன்று தள்ளுபடி செய்தது. டூர் ஜூலை 7இல் தொடங்கியது. ஆல்ப் துவெஸில் அவரை ஊளையிட்டதையும், ஒருவர் கையை நீட்டி அடிக்க முயன்றதையும் எல்லோரும் பேசினார்கள். என்னை உறுத்துவது அதன் பிறகு நடந்தது. அந்தக் கட்டத்தை வென்ற, ஃப்ரூமின் அணித் தோழர் கெரைண்ட் தாமஸ் மேடையேறியபோது அவருக்கும் அதே ஊளை கிடைத்தது. எனக்கு முன்னால் நின்று கத்தியவரிடம் தாமஸ் மீது என்ன வழக்கு என்று கேட்டேன். "வழக்கு எதற்கு? ஸ்கை அணிச் சட்டை போட்டிருக்கிறான் பார்" என்றார். ரூர்_பட்டறை நண்பரே, உங்கள் கணக்கில் இவரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தலையில் விராங்கின் சிவப்புப் புள்ளித் தொப்பி இருந்தது.