தெருவில் திரை கட்டி மேட்ச் போடலாமா? ‘இலவசம்’னா போதுமா?

வியாசை விங்கர்
ஐபிஎல் பைனலுக்கு வியாசர்பாடியில தெருவுல திரை கட்டுறதுன்னு பேச்சு. 12க்கு 7 அடி திரை, வாடகை புரொஜெக்டர், 200 சேர். டிக்கெட் கிடையாது, வீட்டுக்கு 100 ரூபா வசூல் மட்டும். ‘55 இஞ்சுக்கு மேல போட்டா காப்பிரைட் கேஸ்’னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது. என் கட்சி இதுதான்: காசு வாங்காம காட்டினா எந்தச் சட்டமும் தொடாது. மறுக்குறவங்க பிரிவு எண்ணோட வாங்க.

ராயபுரம் வக்கீல்
55 இஞ்ச் நம்ம ஊர்ச் சட்டமே இல்ல. அமெரிக்காவுல ஹோட்டல், கடைகளுக்கு ஒரு விலக்கு இருக்கு: மொத்தம் 4 டிவி, அறைக்கு ஒண்ணு, 55 இஞ்சைத் தாண்டக் கூடாது. அதுவும் ஒளிபரப்புல வர்ற பாட்டுகளுக்கான விலக்கு. 2007ல அந்த ஊர் புட்பால் லீக் இண்டியானாபொலிஸ்ல ஒரு சர்ச் சூப்பர் பவுல் (அந்த லீக்கோட பைனல்) போடக் கூடாதுன்னு நிறுத்தினப்போ இந்த அளவைத்தான் காட்டுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் அடுத்த வருஷமே சர்ச்சுகளுக்குத் தளர்த்திட்டாங்க. இந்தியச் சட்டத்துல இஞ்சுக் கணக்கே கிடையாது.

இங்க இருக்குறது 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், பிரிவு 37. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 25 வருஷத்துக்குத் தனி உரிமை. உட்பிரிவு 3(பி) சொல்றது: அனுமதி இல்லாம, கட்டணம் வாங்கிட்டு பொதுமக்களுக்கு ஒளிபரப்பைக் காட்டினா மீறல். ‘எந்தக் கட்டணமும்’னு போட்டிருக்கு, 10 ரூபாயும் அதுல அடங்கும்.

வியாசை விங்கர்
அதைத்தானே சார் நானும் சொல்றேன். கட்டணம் இல்ல, மீறலும் இல்ல.

ராயபுரம் வக்கீல்
அந்த 100 ரூபா என்ன? கொடுக்காத வீட்டுப் பையன் வந்து உட்காரலாமா? உட்காரலாம்னா அது சேர், ஜெனரேட்டர் செலவைப் பங்கு போடுறதுன்னு வாதாட முடியும். கயிறு கட்டி, டோக்கன் பார்த்து உள்ள விட்டா அது கட்டணம்தான், பேரு நன்கொடைன்னு இருந்தாலும். மேட்சோட சேர்த்து 150 ரூபாய்க்குப் பிரியாணி டோக்கன் போட்டாலும் அப்படித்தான். பிரியாணி வாங்கினவனுக்கு மட்டும் சேர்னா, அந்த 150 ரூபாயில பிரியாணி எவ்வளவு, மேட்ச் எவ்வளவுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பாரு.

கேரம் போர்டு
கிளப்புக்கு விலக்கு இருக்கே? லாப நோக்கமில்லாத சங்கம் போடலாம்னு அதே சட்டத்துல பிரிவு 52ல படிச்சேன்.

ராயபுரம் வக்கீல்
52(1)(கே). அது பதிவு செஞ்ச ஒலியைப் பொதுவுல கேட்க வைக்கிறதுக்கு. கிளப் ரூம்ல ரேடியோ செட்ல பாட்டு போடலாம்ங்கிற மாதிரி. லைவ் மேட்ச் படத்துக்கு அதை இழுக்க முடியாது.

இன்னொண்ணு, விங்கர் தம்பி தாண்டிட்டுப் போறது. மேட்சுக்குக் காப்புரிமை இல்ல, ஸ்கோருக்கும் இல்ல. ஆனா பல கேமரா, ஸ்லோமோஷன், கிராபிக்ஸ்னு வெட்டிச் சேர்த்து வர்ற காட்சி ‘திரைப்படம்’ங்கிற வரையறைக்குள்ள வரும்னு உரிமையாளர்கள் தரப்பு வாதம். திரைப்படத்தைப் பொதுமக்களுக்குக் கொண்டு போற உரிமை பிரிவு 14(டி)ல இருக்கு. அங்க கட்டணம்ங்கிற நிபந்தனையே இல்ல.

வியாசை விங்கர்
அப்போ மூலக்கொத்தளத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் டிவி மாட்டுன டீக்கடை எல்லாம் குற்றவாளியா? இலவசமா காட்டுறதே தப்புன்னா 37ல ‘கட்டணம்’னு எதுக்குத் தனியா எழுதினாங்க? ஒளிபரப்புக்குன்னு தனிப் பிரிவு போட்டு, அதுல காசு வாங்கினாத்தான் தப்புன்னு சொல்லிட்டு, பின்வாசல் வழியா காசில்லாததையும் தப்பாக்குறது எப்படி?

ராயபுரம் வக்கீல்
நல்ல வாதம்தான், கோர்ட்ல நானே வைப்பேன். ஆனா 37 சேனலுக்கு, 14 தயாரிப்பாளருக்கு, ஐபிஎல்னா பிசிசிஐ. ரெண்டு ஆளு, ரெண்டு உரிமை. ஒண்ணுல இருக்குற நிபந்தனை இன்னொண்ணைக் கட்டுப்படுத்தாதுன்னு பதில் வரும். டீக்கடை மேல யாரும் கேஸ் போடலைங்கிறது அனுமதி ஆகிடாது.

பிரிவு 63 தெரிஞ்சே மீறினா 6 மாசம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்கு இல்லைன்னா காரணம் எழுதி கோர்ட் குறைக்கலாம். 2022ல உச்ச நீதிமன்றம் இது ஜாமீனில் விட முடியாத குற்றம்னு சொல்லிடுச்சு. அதனால ‘சிவில் மேட்டர்தானே’ன்னு நினைக்க வேணாம்.

கொருக்குப்பேட்டை கேபிள்
செக்‌ஷன் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில முதல் அடி ஒப்பந்தத்துலதான் விழும். வீட்டு செட்டாப் பாக்ஸ் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். ஸ்ட்ரீமிங் ஆப் கணக்கும் சொந்த, வணிகமில்லாத உபயோகத்துக்குத்தான். மேட்ச் நடுவுல திரையில திடீர்னு ஒரு நம்பர் வந்து போகும் பாத்திருப்பீங்க, அதுதான் ஃபிங்கர்பிரிண்ட். அந்த எண் எந்த பாக்ஸ், எந்த ஆபரேட்டர்னு சொல்லிடும். எவனாவது திரையை போட்டோ எடுத்து இன்ஸ்டால போட்டா போதும், பாக்ஸை அங்கிருந்தே ஆஃப் பண்ணலாம். நோட்டீஸ் வர்றது தெரு கமிட்டிக்கு இல்ல, எங்களுக்கு.

ஆப்ல போட்டா வேற தொல்லை. டிஷ்ஷை விட பல செகண்ட் லேட். பக்கத்து வீட்டு டிவியில சிக்ஸுக்குக் கத்தி முடிச்சப்புறம்தான் உங்க திரையில பவுலர் ஓடி வருவான். சிக்னலைப் பிரிக்க மலிவு ஸ்ப்ளிட்டர் போட்டா சத்தம் மட்டும் வந்து படம் கருப்பா போகலாம். காப்பி தடுப்பு சிக்னல் அதுல சரியா போகாம இருக்கலாம். ஹெச்டிஎம்ஐ வயர் 10 மீட்டரைத் தாண்டினா படம் விட்டு விட்டு வரும், நெட்வொர்க் வயர் வழியா சிக்னலைக் கொண்டு போற கேட்6 எக்ஸ்டெண்டர் வாங்குங்க. புரொஜெக்டர் வெளிச்சம் 4000 லூமென்ஸுக்குக் குறைஞ்சா 12 அடித் திரையில தெருவிளக்கு வெளிச்சமே படத்தைத் தின்னுடும். மூணரை மணி மேட்ச்சை அதுல நினைச்சே பாக்காதீங்க.

பெரம்பூர் லோகோ
இந்தியா ஆடுற ஒருநாள், டி20 மேட்ச்னா டிடி (தூர்தர்ஷன்) ஃப்ரீ டிஷ் போட்டா முடிஞ்சது. மாசக் கட்டணமும் இல்ல, சந்தா ஒப்பந்தமும் இல்ல.

கொருக்குப்பேட்டை கேபிள்
சரி, ஆனா எங்க கேபிள்ல வர்ற டிடி ஸ்போர்ட்ஸ்ல அந்த மேட்ச் வராது. 2007 சட்டப்படி தனியார் சேனல் முக்கிய மேட்ச்சை டிடியை நடத்துற பிரசார் பாரதிக்குக் கொடுக்கணும். அந்த சிக்னல் டிடியோட தரைவழி ஒளிபரப்புக்கும் அவங்க டிடிஹெச்சுக்கும் (ஃப்ரீ டிஷ்) மட்டும்தான்னு 2017ல உச்ச நீதிமன்றம் முடிச்சு வெச்சுடுச்சு. அதனால தனி டிஷ் வேணும். செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கு. சென்னையில தென்கிழக்குப் பக்கம், நல்ல உயரத்துல. சந்து குறுகலா இருந்தாலும் மொட்டைமாடியில கிடைச்சுடும். ஐபிஎல் இந்த ஏற்பாட்டுல வராது, அது கிளப் அணிகள்.

ராயபுரம் வக்கீல்
ஃப்ரீ டிஷ்ஷா இருந்தாலும் 37 அப்படியே இருக்கு. காசு வாங்கிக் காட்டினா மீறல்தான்.

வியாசை விங்கர்
டோக்கன் வேணாம், கயிறும் வேணாம். வசூல் நோட்டுல ‘சேர், ஜெனரேட்டர்’னு மட்டும் எழுதுறோம். பேனர்ல கடைக்காரங்க பேரு போடலாம்ல?

ராயபுரம் வக்கீல்
அங்கதான் மாட்டுவீங்க. உதாரணத்துக்கு, புட்பால் உலகக் கோப்பை நடத்துற ஃபிஃபாவோட பொதுத் திரையிடல் விதிகளைப் பாருங்க: நுழைவுக் கட்டணம் இருந்தாலும் சரி, ஸ்பான்சர் இருந்தாலும் சரி, ரெண்டுமே வணிகத் திரையிடல், லைசென்ஸ் வேணும். ஐபிஎல் சின்னம், மஞ்சள் சிங்கம் எல்லாம் பிளெக்ஸ்ல அடிச்சா டிரேட்மார்க் தனிக் கேஸ். இன்னிங்ஸ் இடைவேளையில குத்துப்பாட்டு போட்டா பாட்டு உரிமை அமைப்புகளுக்கு வேற பதில் சொல்லணும்.

வியாசை விங்கர்
பேனர் கேன்சல். ஆனா 14(டி) வாதத்தை நான் ஒத்துக்கல. காசு வாங்காத ஒரு தெருவுக்கு எதிரா அதை வெச்சு ஜெயிச்ச தீர்ப்பு ஒண்ணு காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

கேரம் போர்டு
எங்க பக்கம் மண்டபத்துல தலைக்கு 50 வாங்கிப் போடுறாங்க. அது?

ராயபுரம் வக்கீல்
அதுல விவாதமே இல்ல, நேரா மீறல். மண்டபக்காரரும் தப்ப முடியாதுன்னுதான் சொல்வேன். லாபத்துக்கு இடம் கொடுத்தவரையும் பிரிவு 51 சேர்க்குது, ‘மீறல்னு தெரியாது’ன்னு அவர் நிரூபிச்சா ஒழிய. தலைக்கு 50ன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருந்தா அதை நிரூபிக்கிறது கஷ்டம்.

பெரம்பூர் லோகோ
யாரும் சவுண்டைப் பத்திப் பேசல. ஏழரைக்கு ஆரம்பிக்கிற மேட்ச் பதினொண்ணைத் தாண்டும். ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. காப்பிரைட் நோட்டீஸ் வரதுக்கு முன்னாடி 10 மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து ஆள் வரும். ரெண்டாவது இன்னிங்ஸ் பாதியில ஸ்பீக்கர் பெட்டியை அணைச்சுட்டு வெறும் படமா பார்க்கத் தயாரா இருங்க.