பொருள்: பிளாக்அவுட் – இருட்டடிப்பா, தடையா, மறைப்பா?

மொ.க. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ஒரு விளையாட்டு ஸ்ட்ரீமிங் செயலியின் திரைச்செய்திகளின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். 'பிளாக்அவுட்' மட்டும் இடிக்கிறது. மொழிபெயர்ப்பு இயந்திரம் 'உங்கள் பகுதியில் மின்தடை' என்கிறது! நியூயார்க்கில் இருப்பவர் அமெரிக்க பேஸ்பால் லீக்கின் இணைய ஒளிபரப்பான எம்எல்பி.டிவிக்குச் சந்தா கட்டியிருந்தாலும் உள்ளூர் அணியான யாங்கீஸ் ஆட்டம் நேரலையில் வராது. அந்த வட்டார உரிமை யெஸ் நெட்வொர்க் என்ற தொலைக்காட்சி அலைவரிசையிடம். பாஸ்டனில் இருந்தால் வரும், எதிரணி அந்த ஊர் ரெட் சாக்ஸாக இல்லாதவரை. திரையில் ஒரே வரி, 24 குறிகள்தான் இடம்.

செ.கு. எழுதியது:
இருட்டடிப்பு என்று நாளிதழ்கள் எத்தனையோ காலமாக எழுதுகின்றன. இதற்கு ஏன் ஒரு இழை?

வி.நா. எழுதியது:
செ.கு. ஐயா, 'செய்தியை இருட்டடிப்புச் செய்தார்கள்' என்றால் அது குற்றச்சாட்டு. இங்கே யாரும் எதையும் அமுக்கவில்லை. ஆட்டம் பக்கத்து வாசலில், அதாவது யெஸ் அலைவரிசையில், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வாசல் மட்டும் சாத்தியிருக்கிறது. உரிமை வாங்கியவர் இல்லாவிட்டால் சாத்தவும் மாட்டார்கள். 2023 மே மாத இறுதியில் வட்டார அலைவரிசைகளை நடத்திய டயமண்ட் நிறுவனம் பணம் கட்டாததால் சான்டியாகோ பேட்ரஸ் அணியின் ஒளிபரப்பு உரிமை லீக்கிடம் திரும்பியது. மறுநாளே உள்ளூர்க்காரர்களுக்கு மாதம் 19.99 டாலருக்கு நேரலை திறந்தது. தனியுரிமை (ஒருவருக்கு மட்டுமான ஒளிபரப்பு உரிமை) போனது, பூட்டும் போனது. சொல்லில் இந்தத் தொடர்பு தெரிய வேண்டும்.

செ.கு. எழுதியது:
சொல்லைப் பாருங்கள். இருட்டு + அடிப்பு, குற்றியலுகரம் ஓடிவிட்டது. வெள்ளையடித்தல் போல இருட்டை அடித்தல் என்று கொண்டால் இரண்டாம் வேற்றுமைத்தொகை. திரையில் கருப்புப் பூசுகிறார்கள், பொருத்தம்தானே? ஊர்ப்பக்கம் சொல்லும் 'இருட்டடி', இருட்டில் அடிப்பது, ஏழாம் வேற்றுமை. அது வேறு கணக்கு.

பூ.த. எழுதியது:
சந்தா கட்டியவருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் :-)

என் பரிந்துரை 'கரப்பு'. கரத்தல், மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' குறளில் உள்ள வேர். நான்கே எழுத்து. கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையும் கரப்புதான். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

மொ.க. எழுதியது:
அம்மா, வேர் அழகு. ஆனால் திரையில் 'கரப்பு' என்று வந்தால் பாதிப் பேர் பூச்சியை நினைப்பார்கள், மீதிப் பேர் தோல் மருத்துவரை.

பூ.த. எழுதியது:
பழகாத சொல்லெல்லாம் முதலில் பூச்சிதான். 'மின்னஞ்சல்' வந்தபோதும் சிரித்தார்கள்.

வி.நா. எழுதியது:
'ஒளிபரப்புத் தடை' என்றும் போட்டுவிடாதீர்கள். தடை அரசு போடுவது. இன்னொரு குழப்பமும் உண்டு. 2002இல் யெஸ் தொடங்கிய பருவம் முழுக்க கேபிள்விஷன் என்ற கேபிள் நிறுவனத்தின் இணைப்புள்ள வீடுகளில் யாங்கீஸ் தெரியவில்லை. கட்டணத்தில் ஒத்துப்போகாமல் அலைவரிசையையே எடுக்கவில்லை. அது பிளாக்அவுட் அல்ல, 'இணைப்புத் தகராறு'. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், 'சேனல் வரல'. உதவிப்பக்கத்தில் கலந்தால் வாடிக்கையாளர் தவறான ஆளிடம் சண்டைக்குப் போவார்.

மூன்றாவது ஒன்று: செயலி இடத்தை ஐபி முகவரியிலும் கைபேசி இருப்பிடத்திலும் பார்க்கிறது. ஐபி வேறு ஊரைக் காட்டினால் உரிமை இருந்தும் பூட்டு விழும். அதற்குத் தனிச் செய்தி வேண்டும்.

மொ.க. எழுதியது:
நன்றி, மூன்றையும் பிரித்துவிட்டேன். இப்போது நீளம். மென்பொருள் எழுத்தை எண்ணுவதில்லை, குறியை எண்ணுகிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனி. 'இருட்டடிப்பு' கண்ணுக்கு 7, அதற்கு 12. 'ஒளிபரப்பு உரிமைக் கட்டுப்பாடு' 29, அடிபட்டது. 'வட்டார மறைப்பு' 14, இடைவெளி உட்பட. இதைப் போடலாமா?

செ.கு. எழுதியது:
மறைப்பிலும் அதே குற்றச்சாட்டு வாடை இருக்கிறது. ஆனாலும் சரி, விடுங்கள்.

வி.நா. எழுதியது:
எனக்கும் சம்மதம், அரைமனதாக. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே சொந்தமாக முதல்நிலை அணியே இல்லை. ஆனால் கப்ஸ், வொயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகளின் வட்டாரத்துக்குள் அந்த மாநிலம் நெடுங்காலம் கிடந்தது. 30 அணிகளில் 6. உள்ளூர் கேபிளில் அந்த அலைவரிசை இல்லாத ஊரில் பக்கத்து வாசலும் சாத்தியிருக்கும். அவருக்கு 'வட்டாரம்' என்ற சொல்லே எரிச்சலூட்டும்.

பூ.த. எழுதியது:
தேசிய அலைவரிசை ஓர் ஆட்டத்தைத் தனியுரிமையாக எடுத்தால் நாடு முழுக்க மறைகிறதே, அது எந்த வட்டாரம்? 'கரப்பு' என்றால் வட்டாரக் கரப்பு, தேசியக் கரப்பு என்று இரண்டுக்கும் நிற்கும்.

மொ.க. எழுதியது:
'மறைப்பு'ம் அப்படியே நிற்குமே அம்மா: வட்டார மறைப்பு, தேசிய மறைப்பு. மூவர் ஆதரவு, ஒருவர் மறுப்பு. கோப்பை அனுப்பிவிட்டேன்.

பூ.த. எழுதியது:
மறுப்பைப் பதிவில் வையுங்கள். சொற்பட்டியலின் அடுத்த பதிப்பு எப்போது?